இடது கன்னம்

விடுதி முற்றத்தில் வண்டி வந்து நின்றபோது, காஸ்பரின் கையிலிருந்த அச்சுப்படச் சுருள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

பக்கத்திலேயே, வேண்டுமென்றே, எதிர்க்கடை மெல்கியோர் வந்து நின்றான். அவன் கையிலும் ஒரு சுருள். ஆனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு சுருளிலும் ஒரே ஆள்தான். பிரெஞ்சுத் தளபதி வால்மோரே. சண்டையெல்லாம் முடிந்து, இப்போது தூதராக வியன்னாவுக்குப் போகிறார். போகிற வழியில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆக்ஸ்பர்க்கில் இறங்குகிறார்.

அவரை இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பார்க்காத பெரிய மனிதர்களைச் செப்புத் தகட்டில் வெட்டி, அச்சடித்து விற்பதுதான் இந்தத் தெருவின் பிழைப்பே. சுல்தானின் தூதராகட்டும், ரஷ்யப் படைத்தலைவராகட்டும், ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு படம் வந்தால் போதும். பார்த்துப் பார்த்து வெட்டித் தள்ளிவிடுவார்கள்.

ஆம்ஸ்டர்டாம் படத்தில் தளபதியின் வலது கன்னத்தில் பெரிய தழும்பு இருந்தது. மெல்கியோர் வலது கன்னத்தில் வெட்டினான். தெருவே வலது கன்னத்தில் வெட்டியது.

காஸ்பரின் படத்தில் மட்டும் இடது.

வெட்டியவள் அவனுடைய அண்ணி அப்பொலோனியா. அண்ணன் இறந்து பத்து வருஷமாகிறது. பட்டறைக்கு இன்று இருக்கிற பெயர் முழுக்க அவள் கை சம்பாதித்தது.

தகட்டில் வெட்டுவது தாளில் இடம் வலம் மாறித்தான் விழும், அதனால் திருப்பி வெட்ட வேண்டும். தொழிலில் சேர்ந்த முதல் வாரத்துப் பாடம் இது. இதில் போய் அண்ணி கோட்டை விடுவாளா?

தேய்த்து அழித்துவிட்டு மாற்றி வெட்டச் சொல்லி காஸ்பர் கெஞ்சிப் பார்த்தான். கத்தியும் பார்த்தான். மறந்து செய்யவில்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றாள் அவள். கன்னத்தை மாற்றினால் இனிமேல் இந்தப் பட்டறையில் உளியைத் தொட மாட்டேன் என்றும் சொன்னாள்.

சொன்னால் செய்கிறவள். பதினேழு வயதில், பிரெஞ்சுப் படை கொளுத்தி எரிந்துகொண்டிருந்த, ரைன் கரை ஷ்பையர் நகரத்திலிருந்து அவள் தப்பி வந்தபோது கொண்டுவந்த ஒரே சொத்து, அவள் அப்பாவின் அந்த உளிதான்.

வேறு வழியில்லாமல் முந்நூறு பிரதி அடித்தாயிற்று. இன்று தளபதியின் முன்னால் மானம் போனால், பட்டறையை இழுத்து மூடிவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

வண்டிக் கதவு திறந்தது. முதலில் ஒரு கைத்தடி வந்தது. அப்புறம் ஒரு பூட்ஸ் கால். தளபதி இறங்கி, தொப்பியைக் கழற்றி நிமிர்ந்தார்.

தழும்பு இடது கன்னத்தில் இருந்தது. கண்ணுக்குக் கீழிருந்து வாயோரம் வரை.

காஸ்பருக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்க அண்ணி, எங்க அண்ணி என்று மனசு குதித்தது. மெல்கியோரின் முகத்தில் ஈயாடவில்லை. சுருள் மெல்ல அவன் முதுகுக்குப் பின்னால் போனது.

தளபதி காஸ்பரின் படத்தை வாங்கி விரித்தார். கூட வந்த துபாஷி, படத்தின் கீழே பொறித்திருந்ததை ஊருக்கே கேட்கும்படி படித்தான். ரைன் கரைப் போரில் நூறு பேரைத் தனியாக எதிர்த்து நின்று பெற்ற வீரத் தழும்பு. ஆம்ஸ்டர்டாம் படத்திலும் இதேதான் இருந்தது. கூட்டம் கைதட்டியது.

தளபதி வெகுநேரம் படத்தையே பார்த்தார். எல்லா ஊரிலும் கன்னத்தை மாற்றிப் போடுகிறார்கள், இது ஒன்றுதான் என் முகம் என்றார். யார் வெட்டியது என்று கேட்டார்.

இத்தனை வருஷமும் எல்லாப் படத்திலும் காஸ்பர் தன் பெயரைத்தான் போட்டிருக்கிறான். நான்தான் என்று சொல்ல வாயும் திறந்தான். சொல்ல வரவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்ற அண்ணியைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு பெருமையாக எதையும் செய்ததில்லை.

அப்பொலோனியா குனிந்து வணங்கவில்லை. பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். ஏப்ரன் பைக்கு வெளியே உளியின் உருண்டைப் பிடி தெரிந்தது.

தழும்பு இந்தப் பக்கம் என்று உனக்கு எப்படித் தெரியும், என்னை எங்கே பார்த்தாய் என்று தளபதி கேட்டதைத் துபாஷி அவளிடம் சொன்னான்.

"ஷ்பையர்ல பாத்தேன். எங்க அப்பா பட்டறையில."

துபாஷி அதைப் பிரெஞ்சில் சொன்னான். தளபதியின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவர் பார்வை அவள் முகத்திலிருந்து உளிக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

பிறகு யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டார். மேஜையில் வைத்த வாத்து வறுவல் ஆறியது. படம் முற்றத்தில் கிடந்தது.

காஸ்பருக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தை எடுத்துத் தூசியைத் தட்டினான். அப்படி என்ன நடந்தது அங்கே என்று அண்ணியைக் கேட்டான்.

அவள் படத்தின் கீழே இருந்த வரியை விரலால் தொட்டாள்.

"நூறு பேரெல்லாம் இல்ல, தம்பி. நானும் இந்த உளியுந்தான். எனக்கு வலது கைப் பழக்கம்."