பின் சீட்டு முணுமுணுப்பு

நாத்தனார் தன்னைத் திட்டுவதைத் தெளிவாகக் கேட்பதற்காகவே காரைப் பிரித்துப் போட்டவள், ஆவூரில் மெர்லின் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஊருக்குச் சொன்ன காரணம் வேறு. “ரோட்டுச் சத்தத்துல பிள்ளை தூங்க மாட்டேங்குது.” குவைத்தில் இருக்கும் கணவன் லியோனிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

லியோனின் அக்கா மரிய செல்வி, மெர்லினுக்கு மதினி; கீரனூரில் கணக்கு டீச்சர். தினமும் காலையில் மெர்லின்தான் காரில் கொண்டுபோய் விடுவாள். எட்டு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மதினி பின் சீட்டில் வருவாள்.

வண்டி நகர்ந்ததுமே மதினியின் உதடு அசைய ஆரம்பித்துவிடும். கண்ணாடியில் நன்றாகத் தெரியும். என்ன சொல்கிறாள் என்பதுதான் கேட்காது. பழைய வண்டி. டயர் போடுகிற இரைச்சலில் ஹாரனே கேட்காது.

முதலில் ஜெபமாலை என்றுதான் நினைத்தாள். ஆனால், வேகத்தடை வந்தால் யாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜெபம் சொல்வதில்லையே.

போன வாரம் மதினி போனில் லியோனிடம், “இவ கியர் மாத்துறதை நீ பாக்கணுமே” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெர்லினைப் பார்த்ததும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அக்கா ஒரு வார்த்தை சொன்னால் லியோன் வண்டியை விற்றுவிடுவான். அப்புறம் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் என்றால்கூட, தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும்.

நேரில் கேட்கலாம்தான். ஆனால் அந்த மதினியிடம் எட்டாம் வகுப்புப் பையன்களே சந்தேகம் கேட்பதில்லை.

புதுக்கோட்டையில் கார் சீட் கவர் கடை வைத்திருந்த உதயசூரியன், கதவைத் தட்டிப் பார்த்தார். டங்கென்றது.

“முழுக்கத் தகரம்மா. தரை, கதவு, டிக்கி எல்லாத்துலயும் ரப்பர் ஷீட்டு ஒட்டணும். அதுக்கு மேல ஃபோமு. அப்புறம் பாருங்க, வீட்டு ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கும்.”

“பின் சீட்டுல பேசினா முன்னால கேக்குமாண்ணே?”

“பேஷா கேக்கும்.”

“முணுமுணுத்தா?”

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “பின்னாடி யாரும்மா வர்றது?”

“நாத்தனார்.”

“அப்பக் கதவுக்கு ரெண்டு அடுக்கு போட்டுருவோம்.”

மறுநாள் வண்டி வந்தது. திங்கட்கிழமை காலை கிளம்பினார்கள். உதயசூரியன் சொன்னது சரிதான். உள்ளே பிள்ளை விரல் சப்புவதுகூடக் கேட்டது.

ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“கிளச்சை மிதி. ரெண்டுக்கு எறக்கு. ம்ம், மெதுவா விடு. மெதுவா.”

மெர்லினுக்குக் காது சுட்டது.

“இண்டிகேட்டரைப் போடு. அங்கிட்டு மாடு வருது, பிரேக்குல காலை வை.”

அவ்வளவுதான். மெர்லின் புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

“மதினி, நான் ஓட்டுறது ஒங்களுக்குப் பிடிக்கலைன்னா என்கிட்ட நேரா சொல்லுங்க. ஒங்க தம்பிகிட்டச் சொல்லி வண்டியை வித்துறாதீங்க.”

திரும்பிப் பார்த்தாள். மதினியின் முகம் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையின் முகம்போல் இருந்தது.

“ஒனக்கு அது கேட்டுச்சா?”

“எல்லாமே கேட்டுச்சு.”

“ஷீட்டு ஒட்டினா ரோட்டுச் சத்தம் மட்டுந்தான் போகும்னு நெனைச்சேன்” என்ற மதினி, ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எல்எல்ஆர். மரிய செல்வியின் போட்டோ முறைத்துக்கொண்டிருந்தது.

“நீங்க டிரைவிங் கத்துக்கிறீங்களா?”

“ரெண்டு மாசமா, சனிக்கிழமை சனிக்கிழமை. லைசென்ஸ் டெஸ்ட்டுல எட்டு போடையில ரெண்டு தடவை வண்டி ஆஃப் ஆயிருச்சு. நல்லா ஓட்டுறவங்க பின்னாடி உக்காந்து, அவங்க செய்யச் செய்ய வாயால சொல்லிப் பழகுங்கன்னு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்தான் சொன்னாரு. நீ கிளச்சை மிதிக்கிறப்ப நானும் இங்கிட்டு மிதிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். இடது கால் செருப்பு தேஞ்சே போச்சு.”

மெர்லின் எட்டிப் பார்த்தாள். தேய்ந்துதான் இருந்தது.

“லியோன்கிட்டச் சொன்னேன். இந்த வயசுல எதுக்குக்கான்னு சிரிக்கிறான். இவ கியர் மாத்துறதைப் பாத்தா ஒனக்கே ஆசை வரும்டான்னேன். நீ யாருட்டயும் சொல்லிறாதே. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஃபெயிலாக்குற டீச்சரு எட்டுல ஃபெயிலுன்னு தெரிஞ்சா, ஒருத்தனும் மதிக்க மாட்டான்.”

மெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. மதினியின் திட்டைக் கேட்பதற்காக ஒட்டிய ரப்பர் காலடியில் மெத்தென்று இருந்தது.

“நான்தான் தினமும் கொண்டு வந்து விடுறேனே மதினி. நீங்க எதுக்கு இவ்வளவு சிரமப்படணும்?”

மதினி மடியில் கிடந்த பிள்ளையின் தலையைத் தடவினாள்.

“நீ ரோட்டைப் பாத்து ஓட்டுற, ஒனக்குத் தெரியாது. கிளம்பினதுலருந்து இவன் ஒன் பின்னந்தலையையே பாத்துக்கிட்டு வர்றான். கையை நீட்டி நீட்டிப் பாக்குறான். எட்டலைன்னதும் அப்படியே தூங்கிப் போயிடுறான். நான் ஓட்டினா, நீ பின்னாடி உக்காந்து இவனைத் தூக்கி வச்சுக்கலாம்ல?”