நாரையின் இரண்டாவது டிக்கெட்

மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் கிழ நாரை கால்பந்து பார்க்க இரண்டு டிக்கெட்தான் எடுக்கும். பக்கத்து இருக்கை ஏன் காலி என்று யாரும் கேட்டதில்லை. நாரையும் வாய் திறந்ததில்லை.

ஒருமுறை தன் அணி ஆற்றின் அக்கரையில் ஆடப் போனபோது, நாரையும் இரண்டு டிக்கெட்டோடு பறந்து போனது. வாசலில் நின்ற ஆடு வாயெல்லாம் பல்லாக வரவேற்றது.

"வாங்கண்ணே! உங்க டிக்கெட் விவரமெல்லாம் உங்க கிளப்காரங்க அனுப்பிட்டாங்க. ஒரு சீட்டு எப்பவும் சும்மாதான் கிடக்குமாமே? அதை வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்."

"யாரைக் கேட்டு?"

"இதுக்கெல்லாமா கேப்பாங்க?"

உள்ளே அந்த இருக்கையில் ஓர் அணில் கடலை கொறித்துக்கொண்டிருந்தது. "தனியாவா வந்தீங்க?" என்று அன்பாகத்தான் கேட்டது.

நாரை மைதானத்தையே பார்த்தபடி சொன்னது: "இல்ல. கூட வந்தவளை இப்பத்தான் எழுப்பி விட்டுட்டாங்க."