ஒன்று புள்ளி பூஜ்யம்

தமிழ் எழுத்தைப் பிரெய்லாக மாற்றும் நிரல் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்திருந்தாள் தமயந்தி. ஏழு வருடமாக அதன் பதிப்பு எண் பூஜ்யத்தில்தான் தொடங்கியது. ஒன்று என்று போட்டுவிட்டால், சொல்லாமல் எதையும் மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். அதற்குத்தான் பயம்.

அன்று காலை முன்பின் தெரியாத ஆசிரியர் ஒருவர் அழைத்தார். "எங்க பார்வையற்றோர் பள்ளியில பரீட்சைத் தாளெல்லாம் உங்க நிரலை வச்சுத்தாம்மா அச்சடிக்கிறோம். நம்பலாம்ல?"

"லைன்லயே இருங்க சார்!" பூஜ்யத்தை அழித்து ஒன்றை அடித்தாள். புதிய பதிப்பை வெளியிட்டாள். "நம்பலாம் சார். இனிமே எதை மாத்தினாலும் உங்களுக்கெல்லாம் சொல்லிட்டுத்தான்!"

ஐந்தே நிமிடத்தில் புதிய பதிப்பின் முதல் புகார் வந்து விழுந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையைப் பிரிப்பவள் போல அதைத் திறந்தாள்.