கீழ் டிராயருக்குள் விழுந்த கிளி

ஒரு மேஜையில் ஒரு கிளி முத்திரை இருந்தது. பிலோமினா வாழ்த்து அட்டை செய்யும்போதெல்லாம் அதை மையில் ஒற்றி அட்டையில் பதிப்பாள்; ஓரத்தில் காகிதப் பூ வெட்டி ஒட்டுவாள்.

"அட்டை மேல ஏறி நான் போகாத ஊரே கிடையாது, தெரியுமா?" என்று கிளி மைப்பெட்டியிடம் பீற்றிக்கொள்ளும். மைப்பெட்டி ஏனோ வாயே திறக்காது.

ஒருநாள் பிலோமினாவின் கை தவறி, கிளி திறந்திருந்த கீழ் டிராயருக்குள் விழுந்தது. அங்கே, அது இதுவரை பதிந்த அட்டைகள் அத்தனையும் அடுக்கடுக்காகக் கிடந்தன.

"நீங்கள்லாம் இன்னும் கிளம்பலையா?" என்று கிளி பதறியது.

"எங்கே கிளம்ப?" என்றது மேலே இருந்த அட்டை. "என்னைப் போன கிறிஸ்துமஸுக்கே செஞ்சு முடிச்சாங்க. உள்ளே 'அன்புள்ள' வரைக்கும் எழுதினாங்க. அதுக்கப்புறம் எழுத ஒரு பேர் கிடைக்கல."



தேடி வந்த கை கிளியை எடுத்து மையில் ஒற்றியது. கிளி புது அட்டையில் இறங்கும்போது வேண்டுமென்றே வழுக்கியது. அட்டையைப் பிடித்திருந்த பிலோமினாவின் இடது கைமேல் போய் அழுத்தமாகப் பதிந்தது.

அன்று முழுக்க அந்தக் கையில் தண்ணீர் படாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.