எட்னலினின் வேகம்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், ஓட்டல் முன்பதிவுகளைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் எட்னலினுக்கு வேலை. பிறந்ததிலிருந்தே அவள் கைகள் நடுங்கும். அதனால் மவுஸின் வேகத்தைக் குறைத்து, திரையிலுள்ள அம்பு நிதானமாக நகரும்படி வைத்திருந்தாள். மேற்பார்வையாளர் ரோடெல் போகிற போக்கில் அதைக் கூட்டிவிட்டுப் போவார்.

“இது ஆபீஸா, ஆமை மடமா?”

“என் வேலையில தப்பிருந்தா சொல்லுங்க சார். மவுஸ்ல கை வைக்காதீங்க.” மறுபடியும் குறைப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மவுஸையே பிடுங்கிக்கொண்டு, “திங்கள்லேர்ந்து வராதே” என்றார்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். வெறும் மேசை முன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று அறையில் யாருடைய அம்பும் வேகமாக நகரவில்லை. பழுதுபார்க்க வந்தவர் ஒவ்வொரு கணினியாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் வேகம் முழு அளவில்தான் இருந்தது. ஆனாலும் திரைக்குத் திரை அம்பு மெல்ல நடுங்கியபடி ஊர்ந்தது. எட்னலினின் கைகள் மட்டும் அசையாமல் கிடந்தன. அவளே அவற்றை வியப்போடு பார்த்தாள்.

ரோடெல் வியர்த்துப்போய் வந்தார்.

“நீதான் என்னமோ பண்ணியிருக்கே. சரி பண்ணு!”

“இப்பத்தான் சார் சரியா இருக்கு” என்றாள் எட்னலின், எழுந்திருக்காமல்.