வேப்பமரத்து வளைவு

இறக்கத்தின் விளிம்பில் அவள் பிரேக்கை அழுத்திப் பிடித்தாள்.

சைக்கிளின் முன்சக்கரம் சரளையில் கொஞ்சம் வழுக்கி நின்றது.

பின் இருக்கையில் இருந்த அவள் கணவர் நாச்சிமுத்து இரண்டு கால்களையும் தரையில் ஊன்றினார்.

"ஏம்புள்ள, நின்னுட்ட?"

அவள் எட்டிப் பார்த்தாள்.

கீழே செம்மண் பாதை செங்குத்தாக விழுந்தது. நடுவில் ஒரு மேடு. அதைத் தாண்டினால் வேப்பமரத்தை ஒட்டி ஒரு வளைவு. அப்புறம்தான் புல்தரை.

மலையடிவாரத்துப் பூங்காவில், சுற்றியுள்ள குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து வெட்டிய சைக்கிள் பாதை. மண்வெட்டி பிடித்தவர்களில் அவரும் ஒருவர். ஞாயிறு தவறாமல் இதில்தான் இறங்குவார். முட்டியில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்து, திட்டு வாங்கிக்கொண்டே சிரிப்பார்.

பிறகு சர்க்கரை கண்ணில் கை வைத்தது. ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை.

சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார். பூங்கா பக்கமே வரவில்லை.

இருவர் மிதிக்கும் இந்தச் சைக்கிளை இரவல் வாங்கி வந்தவள் அவள்தான். ஹேண்டில்பாரைத் திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் முன்னால் இருப்பவர் பாடு. பின்னால் இருப்பவர் மிதிக்கலாம். நம்பலாம்.

பள்ளிக்கூடம் போக ஓட்டியதோடு சரி, அவள் சைக்கிளைத் தொட்டதில்லை. தெருவில் பழகினார்கள். விழுந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மறுநாளும் பழகினார்கள்.

"இங்கிருந்து தள்ளிட்டு எறங்கிரலாமுங்க" என்றாள்.

"பெரிய எறக்கமா?"

"சின்னதுதானுங்க."

"சின்னதுக்கா உனக்கு இப்பிடி மூச்சு வாங்குது?"

அவள் பிரேக்கை இன்னும் இறுக்கினாள்.

"சரி புள்ள. வேண்டாம்னா விட்ரு."

கோபமில்லாமல்தான் சொன்னார். அந்தக் குரல் அவளுக்குப் பழக்கம். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால், மொட்டைமாடிக்குக் கூப்பிட்டால், வருகிற குரல்.

அவள் பிரேக்கை விட்டாள்.

"கால மேல வைங்க!"

பாதை உருவிக்கொண்டு போனது.

"மேடுங்க!"

இருக்கை அவளைத் தூக்கி எறிந்து மறுபடி ஏந்திக்கொண்டது.

காற்று முகத்தில் அறைந்தது. செயின் சடசடத்தது. காதுக்குப் பின்னால் ஒரு கூச்சல், நீளமாக, வெட்கமே இல்லாமல். அவர்தான்.

சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது. வேப்பம்பூ வாசம் வந்து போனது. நிமிர்ந்தது.

பிறகு புல்.

வேகம் குறைந்து, தள்ளாடி, அவசரமில்லாமல் சைக்கிள் ஒருபக்கமாகப் படுத்தது. அவர்களும் படுத்தார்கள்.

அவர் சிரித்தார். நிறுத்த முயன்று, முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வேப்பமரத்து வளைவ எப்பிடிப் புள்ள எடுத்த? நானே அங்க எத்தனையோ தடவ விழுந்திருக்கறேன்!"

அவள் புல்லைக் கிள்ளினாள்.

"மேட்டுக்கு அப்புறம் நான் கண்ணையே தொறக்கலீங்க."

சிரிப்பு நின்றது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். வளைவில் சாய்ந்ததுபோலவே இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தார். நிமிர்ந்தார். எதையோ சரிபார்ப்பதுபோல் இன்னொருமுறை சாய்ந்தார்.

பிறகு துழாவிச் சைக்கிளை நிமிர்த்தினார். அவர் கை பின் இருக்கையைத் தடவி, அங்கே நிற்காமல் முன்னால் நகர்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்தது.

"புல்லு எதுவரைக்கும் இருக்குது?"

"வேலி வரைக்குமுங்க."

"வேலி வந்தாச் சொல்லு."

அவள் எழுந்தாள். சுடிதாரில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

பின் இருக்கை அவளுக்கு உயரம்.

திருகாணியைத் தளர்த்தி, அதைக் கீழே இறக்கினாள்.