தள்ளத் தெரிந்த குடும்பம்

“நின்னுருச்சு. இறங்குங்க எல்லாரும்.”

பின் இருக்கையிலிருந்து அப்பா சொன்னார். சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காரில் இன்ஜின் சத்தம் அறவே இல்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த மருமகன் திரும்பினான். “மாமா, அது வந்து...”

“நீங்களும்தான் இறங்கணும்” என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மகள். சொன்ன கையோடு அவன் தொடையில் ஒரு கிள்ளும் விழுந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்தான்.

கிளம்பியதிலிருந்து அப்பா பேசிய முதல் பேச்சு அதுதான். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கூப்பிடக் காத்திருப்பவர் மாதிரி வந்தார். வாழ்நாளெல்லாம் கிடங்கில் மூட்டை தூக்கியவர். வயதாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். அதோடு சேர்ந்து அவருடைய கடைசிக் காரும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மகள் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லி மன்றாடித்தான் அப்பா அம்மா இருவரையும் கூட்டிப் போகிறாள்.

“ரெண்டு நாள் இருப்பேன், திரும்பிருவேன்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். “வேலை இல்லாத வீட்ல நான் எதுக்கு? மூலையில நிக்க நான் என்ன பீரோவா?”

இப்போது முதல் ஆளாக இறங்கியது அவர்தான். பின்னால் போய் டிக்கியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

“பெயின்டைப் பாத்து ஏமாந்துட்டியே பாப்பா. பளபளன்னு அடிச்சு உன் தலையில கட்டிட்டான். வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்கலைப்பா. தப்புதான்.”

“சரி, நியூட்ரல்ல விடு. நான் சொன்னதும் செகண்ட் போட்டு கிளட்சை விடு. மறந்துரலையே?”

“மறக்குமாப்பா?”

அந்தக் குடும்பத்துக்குக் கார் என்றால் அடுத்தவன் கைவிட்டதுதான். அவர் மூன்று கார் வைத்திருந்தார். மூன்றிலும் அவர் உட்கார்ந்து போனதைவிடத் தள்ளிப் போனதுதான் அதிகம்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இடதுபக்க விளக்கருகே தோளைக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அது அவள் இடம்.

“மாப்பிள்ளை, கையால தள்ளாதீங்க, ஓஞ்சு போயிரும். முதுகைக் குடுங்க. காலால தரையை உதைங்க. ஆங், அப்படித்தான்.”

பச்சை விழுந்தது. கார் நகர்ந்தது. பின்னாலிருந்த லாரிக்காரன் தலையை நீட்டினான். “என்ன பெருசு, காருக்கு வாக்கிங்கா?”

“ஆமாப்பா. உன் லாரிக்கும் ஒரு நாள் டாக்டர் சொல்லுவாரு” என்றார் அப்பா, நிமிர்ந்து பார்க்காமலே.

“எருமை இதைவிடக் கனம்” என்றாள் அம்மா.

“எருமையா அத்தை?” மருமகனுக்கு மூச்சு வாங்கியது.

“முதல் வண்டி. கறுப்பு. படுத்தா எந்திரிக்காது. அடுத்தது அழுமூஞ்சி. மழை வந்தா கூரை ஒழுகும், வெயில் வந்தா ரேடியேட்டர் ஒழுகும்.”

“மூணாவது?”

“துரை” என்றார் அப்பா. “இறக்கத்துல மட்டும்தான் வருவாரு. மேடு வந்தா நாங்கதான் அவரைச் சுமக்கணும்.”

மருமகனுக்குச் சிரிப்பு வந்து கால் வழுக்கியது. இந்த மனிதருக்கு இவ்வளவு பேச வரும் என்பதே அவனுக்கு இன்றுதான் தெரிந்தது.

“இவ பெரிய பரீட்சை எழுதப் போன அன்னைக்கு அழுமூஞ்சி பாலத்து மேல உயிரை விட்டுருச்சு” என்றாள் அம்மா. “இவரு அப்பத்தான் லோடு இறக்கிட்டு வந்திருக்காரு. தோள்ல தோலே இல்லை, சட்டை ஒட்டிக்கிட்டிருக்கு. அங்கேருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் தள்ளினோம். இவ ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிட்டே பாடத்தைச் சத்தமா ஒப்பிச்சுக்கிட்டு வந்தா.”

“ஒப்பிக்கலைன்னா தள்ளமாட்டேன்னு சொல்லிட்டேன்ல.”

மருமகன் பக்கவாட்டில் பார்த்தான். தலை முழுக்க நரைத்த மனிதர். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி இருந்தது. கார் அவருடைய முதுகுக்குக் கட்டுப்பட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. மற்ற இருவரும் சும்மா தொட்டுக்கொண்டிருந்த மாதிரி.

“இப்ப விடு பாப்பா.”

இன்ஜின் பிடித்துக்கொண்டது.

“எப்படி?” என்றார் அப்பா பொதுவாக உலகத்தைப் பார்த்து.

ஏறி உட்கார்ந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்தார். மடியில் இருந்த பை காலடிக்குப் போயிற்று.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இந்த வண்டியை நம்பி உன்னைத் தனியா அனுப்ப முடியாது. நான் கூட இருந்தாத்தான் சரிப்படும்.”

“எவ்வளவு நாளைக்குப்பா?”

“இது ஒழுங்கா ஓடுற வரைக்கும்.”

மகள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அடுத்த சிக்னலிலும் சிவப்பு. கார் நின்றதும் இன்ஜின் சத்தம் மறுபடி அடங்கியது.

இந்த முறை முதலில் கதவைத் திறந்தவன் மருமகன். போன வாரம் ஷோரூமுக்குப் போய் இந்தப் புத்தம் புதுக் காரை எடுத்து வந்தவனே அவன்தான். சிக்னலில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜின் தானாக அணையும், கிளட்சை மிதித்தால் தானாகக் கிளம்பும் என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான்.

“வாங்க மாமா” என்றான், சட்டைக் கையை மடித்துவிட்டபடி. “முதுகைக் குடுப்போம்.”